கோயில் தெருவில் பிணம் போகாது

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கேயே கிடக்கட்டும். நேத்து போன்ல பேசினது நீங்கதானே? அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும், இதுல உக்காருங்க. டீக்கடையில சொல்லியிருக்கேன், இப்ப வந்துரும். வீட்டுல டீ போட ஆளில்லை. நான் போட்டா அதை நானே குடிக்க முடியாது.

சத்தமா இருக்குன்னு பாக்குறீங்களா? மண்டபம் கட்டுறாங்க, பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ல. கலவை மிஷின் ஓடுது. சாயங்காலம்தான் நிப்பாட்டுவாங்க. நீங்க கேக்க வந்த இடமே அதுதான். கொஞ்சம் உரக்கவே பேசிக்குவோம்.

மொதல்ல உங்க சங்கதியைச் சொல்லுங்க. ம். ம். பிளாஸ்டிக் உருக்குற கம்பெனி. சுத்தி வீடு. குடியிருப்புப் பகுதின்னு வரைபடத்துல பச்சையா எழுதியிருக்கு, ஆனா உள்ளூர் திட்டக் குழுமத்துக்கே போகாம மேலேருந்து நேரா ஒரு தனி ஆணை. பேப்பர்ல விளம்பரம் கிடையாது, ஆட்சேபணை கேக்கலை, கூட்டம் போடலை. ஒருநாள் காலையில பாத்தா ஜே.சி.பி. நிக்குது. சரிதானே? அதேதான் தம்பி. எங்களுக்கும் அச்சு அசலா அதேதான் நடந்துச்சு.

என்னைப் பத்திச் சொல்லிடுறேன். பேரு சிதம்பரநாதன். கல்வித் துறையில கண்காணிப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த சௌபாக்யா நகர் சங்கத்துக்கு ஆரம்பத்துலேருந்து நான்தான் செயலாளர். எலெக்‌ஷன் வைக்காமல்லாம் இல்லை, வருஷா வருஷம் வைப்போம், யாரும் எதிர்த்து நிக்க மாட்டாங்க. ஆபீஸ்ல என் டேபிளைத் தாண்டி ஒரு ஃபைல் முறை தவறிப் போனது கிடையாது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல கையெழுத்து இருக்கணும், அவ்வளவுதான் நம்ம கொள்கை.

எதிர்ல காலியாக் கிடந்த அந்த இடத்தை ஒரு டிரஸ்ட்டு வாங்கினாங்க. கனகவல்லின்னு ஒரு டாக்டரம்மா நடத்துறது. கேன்சர் முத்திப்போயி இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு பெரியாஸ்பத்திரியில அனுப்பிடுறாங்க பாருங்க, அவங்களை வெச்சு, வலி தெரியாமப் பாத்துக்கற இல்லம். நல்ல காரியம். நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். ஆனா வீடு கட்டற இடத்துல இல்லம் கட்டணும்னா நில உபயோக மாற்றம் வாங்கணும், திட்டக் குழுமம் எங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும். யாரோ பெரிய ஆளைப் பிடிச்சு, ‘இந்த இடத்துக்கு மட்டும் விலக்கு’ன்னு ஒரு ஆணையைக் கொண்டு வந்துட்டாங்க. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?

எனக்கு அந்த நோயாளிங்க மேல ஒரு கோபமும் கிடையாது. அதை நல்லாப் புரிஞ்சுக்கணும். சங்கத்துல சில பேரு வேற மாதிரிப் பேசினாங்க. தினம் ஒண்ணு சாகும், தினம் ஒரு ஒப்பாரி கேக்கும், பொண்ணு பாக்க வர்றவன் திரும்பிப் போயிடுவான், வீட்டுக்கு வாடகை வராதுன்னு. நான் எல்லாரையும் அடக்கினேன். அப்படியெல்லாம் வெளிய பேசாதீங்க, மனசுல வெச்சுக்குங்க, வெளிய முறையைப் பத்தி மட்டும் பேசுங்கன்னேன்.

கோர்ட்டுக்குப் போனோம். கோர்ட்டு நம்ம பக்கம் சொல்லிடுச்சு. உள்ளூர்க்காரங்களைக் கேக்காம விலக்கு குடுத்தது சரியில்லை, திட்டக் குழுமம் முறைப்படி கூட்டம் போட்டு ஆட்சேபணையைக் கேக்கட்டும், அதுவரைக்கும் ஒரு செங்கல் வைக்கக் கூடாதுன்னு. அன்னிக்குக் கோயில்ல பொங்கல் வெச்சோம். என் சம்சாரம்தான் கிண்டினா. தையல்நாயகின்னு பேரு. தையல்னு கூப்பிடுவேன். கிண்டும்போதே கேட்டா, ‘ஏங்க, வலியில கிடக்கறவங்க வரக் கூடாதுன்னா பொங்கல் வைக்கிறோம்?’னு. அவளுக்குச் சட்டம் தெரியாது. நெய்யை ஊத்துன்னேன்.

இங்கதான் தம்பி நீங்க கவனமாக் கேக்கணும். கூட்டம் போடுன்னு கேக்கறது சுலபம். கூட்டம் போட்டுட்டா என்ன சொல்லுவீங்க? எங்களுக்கு அதுதான் ஆச்சு. திட்டக் குழுமத்து அதிகாரி நிதானமான மனுஷன். எங்களை ஒரு பக்கம், டாக்டரம்மாவை ஒரு பக்கம் உக்கார வெச்சுக் கேட்டாரு. ரோடு அகலம் போதுமா, போதும். தண்ணிக்கு என்ன, அவங்களே போர் போட்டுக்கறாங்க. ஆம்புலன்ஸ் சத்தம், சைரன் போடவே மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதிகாரி என்னைப் பாத்து, ‘அப்புறம் உங்களுக்கு என்னங்க கஷ்டம்?’னாரு. எங்க வக்கீல் தலையைக் குனிஞ்சு பேப்பரைப் பொரட்டிட்டிருக்காரு. பின்னாடி நம்ம ஆளுங்க எல்லாரும் என் முதுகையே பாக்கறாங்க.

நான் எழுந்தேன். ‘ஐயா, எங்க நகர்ல ஒரு வழக்கம் இருக்கு. கோயில் தெரு வழியாப் பிணம் போகாது’ன்னேன்.

எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. தெருவுல சாவு விழுந்தா, பிணத்தை எடுக்கற வரைக்கும் கோயில் நடையைச் சாத்திருவோம். அது எல்லா ஊர்லயும் இருக்கறது, அது உண்மை. அதுக்கு மேல நான் கொஞ்சம் சேத்தேன். வீடுகளுக்குப் பின்னாடி ஒரு வடிகால் சந்து இருக்கு, காலங்காலமா அந்தச் சந்து வழியாத்தான் எடுத்துட்டுப் போவோம், இந்த இல்லம் வந்தா தினம் நடை சாத்தணும், தினம் கோயில் தெருவுல பிணம் போகும், எங்க வழிபாடே கெட்டுப்போகும்னேன். காலங்காலமா என்ன காலங்காலமா, நகரே நேத்து வந்தது. அதுவரைக்கும் செத்தவங்க அத்தனை பேரும் கோயில் தெருவுலதான் மேளத்தோட போனாங்க. ஆனா அதிகாரி பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சாரு. நம்ம ஆளுங்க ஒருத்தர் விடாம, ‘ஆமாங்க ஐயா, ஆமாங்க ஐயா’ன்னாங்க. எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு.

டாக்டரம்மா பக்கத்து வக்கீல் சின்ன வயசு. ‘அப்படி ஒரு வழக்கம் கிடையாது, நாங்க நிரூபிக்கிறோம்’னு எழுந்தாரு. அதிகாரி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சாரு. வீட்டுக்கு வந்த உடனே நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். இன்று முதல் நகரில் யார் தவறினாலும் பின்சந்து வழியாகவே எடுக்க வேண்டும், ஒருவர் மீறினாலும் வழக்கு போய்விடும், சம்மதிப்பவர்கள் கட்டைவிரல் போடவும். எல்லாரும் போட்டாங்க. ஒரு வீடு பாக்கியில்லை. செத்துப்போற நினைப்பு யாருக்கு இருக்கு?

மொத ஆளு தண்டபாணி வீட்டுல. மூணு வீடு தள்ளி, நீலக் கேட்டு. பஸ் கண்டக்டரா இருந்தவரு. ஒரே பையன், கதிர்னு. பைபாஸ்ல லாரிக்காரன் அடிச்சுட்டான். காலேஜ் முடிக்கிற வயசு. அறுத்துக் கட்டிக் கொண்டு வந்தாங்க. நல்ல கூட்டம், காலேஜ் பசங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க. அழாத ஆளில்லை. நானும் அழுதேன். நான் என்ன கல்லா?

எடுக்கற நேரத்துல நான் கேட்டுல நின்னு, ‘தண்டபாணி, பின்னாடி வழியா’ன்னேன். அவருக்கு மொதல்ல புரியலை. புரிஞ்சதும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. ‘சார், இது ஒண்ணு மட்டும் சார். அவன் கிரிக்கெட் ஆடின தெரு சார். ஒரே ஒரு தடவை இப்படிப் போயிட்டு வந்துடட்டும்.’ போயிட்டு வந்துடட்டும்னாரு, பாவம், வாய் குழறிடுச்சு. நான் கோவப்படலை. ரொம்பத் தன்மையாத்தான் சொன்னேன். ‘தண்டபாணி, நீங்களும் கட்டைவிரல் போட்டிருக்கீங்க.’ அவரு என் கையை விட்டுட்டாரு.

சந்து குறுகல் தம்பி. நடுவுல கரண்ட் கம்பம் வேற. பாடை அகலம், நேராப் போகாது. கயித்தால கட்டி, ஒருக்களிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. பசங்களுக்குப் பழக்கமில்லை, சாக்கடையில காலை விட்டுக்கிட்டானுங்க. எங்க சமையக்கட்டு ஜன்னல் அந்தச் சந்தைப் பாத்தாப்பல இருக்கு. தையல் பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்திருக்கா. ஜன்னலுக்கு நேரா வரும்போது பையனோட கை ஒண்ணு வெளிய வந்து தொங்கியிருக்கு. ஜன்னல் கம்பிக்கும் அதுக்கும் சாண் தூரம்தானாம். அவ அந்தக் கையை எடுத்து உள்ள வெச்சிருக்கா. சோப்புக் கையோட.

அன்னிக்கு அவ சாப்பிடலை. சாயங்காலம் என்கிட்ட வந்து உக்காந்து, ‘என்னை அப்படித் தூக்காதீங்க’ன்னா. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். ‘நான் கோயில் தெருவுல போகணும். இந்தத் தெருவுல எல்லா வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் மொத ஆளாப் போயிருக்கேன். நான் போறப்ப எல்லாரும் அவங்கவங்க வாசல்ல நின்னு பாப்பாங்க. எனக்கு அது போதும். வேற எதுவும் உங்ககிட்ட நான் கேட்டதில்லை’ன்னா. அது வாஸ்தவம், அவ எதுவும் கேட்டதில்லை. மார்கழி முழுக்க கோயில் வாசல்ல கோலம் அவளோடதுதான். எவளுக்குப் பிரசவம்னாலும் அர்த்த ஜாமத்துலயும் ஓடுவா. நல்லா இருக்கறப்ப ஏன் சாவைப் பத்திப் பேசறேன்னு அதட்டிட்டேன். ஆனா அப்பவே அவளுக்கு வயித்துல வலி இருந்திருக்கு. சொல்லலை.

அப்புறம் என்ன, எல்லாம் வரிசையா வந்துச்சு. ஸ்கேன், ஊசி, மறுபடி ஸ்கேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. எங்களுக்கு ஒரே பையன் இளங்கோ, ஓசூர்ல வேலை. லீவு போட்டு வந்து உக்காந்துட்டான். வலின்னா அப்படி ஒரு வலி. கத்தினா அக்கம்பக்கத்துல கேக்கும்னு தலையணையை வாயில கடிச்சுக்குவா. அந்த விஷயத்துல அவ ரொம்பக் கட்டுப்பாடு. ஒரு சத்தம் வெளிய போகாது.

இளங்கோ எனக்குத் தெரியாம அந்த டாக்டரம்மாகிட்டப் போயிட்டான். கனகவல்லிகிட்ட. அவங்களும் வரேன்னுட்டாங்களாம். எனக்கு எப்படி இருக்கும் பாருங்க. எதிர்க்கட்சிக்காரங்க செயலாளர் வீட்டுக்கே வந்து போனா ஊர் என்ன பேசும்? கேஸ் என்ன ஆகும்? ஆனா நான் மனுஷன்தானே, வேண்டாம்னு சொல்லலை. வரட்டும், ஆனா முன்வாசல் வழியா வேண்டாம், சந்து வழியா வந்து சமையக்கட்டுக் கதவைத் தட்டட்டும்னேன். வந்தாங்க. டாக்டர்தான், பெரிய படிப்பு, ஒரு கையில பை, ஒரு கையில புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சாக்கடையைத் தாண்டி வந்தாங்க. ஒரு வார்த்தை அதைப் பத்திச் சொல்லலை. அது அவங்களோட தந்திரம், நல்ல பேர் வாங்கறது.

மருந்து நல்ல மருந்துதான். அன்னிக்கு ராத்திரி தையல் தூங்கினா. மறுநாள் ரசஞ்சாதம் கேட்டுச் சாப்பிட்டா. இளங்கோகிட்ட ஏதோ சொல்லிச் சிரிச்சா. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு. நான் டாக்டரம்மாகிட்ட நேர்மையாச் சொல்லிட்டேன். ‘மருந்துக்கு நன்றி. ஆனா கேஸு கேஸுதான்.’ அவங்க கையைத் துடைச்சுக்கிட்டே, ‘கவலைப்படாதீங்க சார். நாங்க அந்த இடத்தை விட்டுடுறோம். வேற இடம் பாத்தாச்சு. இப்படிச் சண்டை போட்டு ஒரு தெருவுக்குள்ள வந்து என்ன பண்றது’ன்னாங்க.

நான் எத்தனை ஃபைல் பாத்தவன். ‘எழுத்துல குடுங்க’ன்னேன். வக்கீல் மூலமாத் தரோம், கொஞ்ச நாள் ஆகும்னாங்க. வாயால சொல்றது வாபஸ் ஆகுமா? நாளைக்கே இல்லைன்னா? நாம அசந்த நேரம் பாத்து அடிக்கறதுக்குத்தானே இதெல்லாம்?

உள்ள கட்டில்ல கிடந்தவளுக்கு அது கேட்டிருக்கு. டாக்டரம்மா போனதும் என்னைக் கூப்பிட்டா. கண்ணு அப்படியே பளிச்சுன்னு இருக்கு. ‘அப்ப கேஸ் முடிஞ்சுதாங்க? நான் கோயில் தெருவுல போகலாமா?’ன்னா. நான் அவகிட்ட பொய் சொன்னதே கிடையாது. ‘எழுத்துல வரட்டும்’னேன். அப்புறம், ‘அதுவரைக்கும் நான் இருக்கணும், இல்லையா?’ன்னா. விளையாட்டுக்குத்தான் சொன்னா. அதுக்கப்புறம் இளங்கோகிட்ட தினம் கேப்பா, தபால் வந்துச்சான்னு.

வரலை. ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலையில போயிட்டா. வலி இல்லாமத்தான் போனா, அதைச் சொல்லணும்.

நீங்க நினைக்கிறது புரியுது. இருங்க, சொல்லி முடிச்சுடுறேன். எல்லாரும் வந்தாங்க. கோயில் நடையைச் சாத்தியாச்சு. மேளக்காரங்க வந்தாச்சு. சொர்க்க ரதம் தெருமுனையில நிக்குது. தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் செம்புல தண்ணியோட அவங்கவங்க வாசல்ல நிக்கிறாங்க. அவங்களா நின்னுட்டாங்க, நான் சொல்லலை. எனக்கும் மனசு இளகிடுச்சு. அன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமான்னு ஒரு நினைப்பு. இளங்கோவும் அவன் சிநேகிதங்களும் தூக்கிட்டு வாசல் கேட்டைத் தாண்டி வெளிய வந்துட்டாங்க. நானும் பின்னாடியே வரேன்.

அப்பதான் பாக்கறேன், கோயில் முனையில அந்த டாக்டரம்மா நிக்கிறாங்க. கையில போன். இன்னொரு கையில மாலை இருந்துச்சாம். இருக்கலாம். நான் போனைத்தான் பாத்தேன்.

வழக்கம் இல்லைன்னு நிரூபிக்கிறேன்னு அவங்க வக்கீல் சொன்னாரில்ல? ஒரு படம் போதும் தம்பி. செயலாளர் வீட்டுப் பிணமே கோயில் தெருவுல போகுது பாருங்க ஐயான்னு நீட்டினா எத்தனை பேர் உழைப்பு போயிடும்? ‘நிறுத்துங்கடா. பின்னாடி வழியா எடுங்க’ன்னேன். மேளம் நின்னுடுச்சு. இளங்கோ, ‘அப்பா, அவங்க மாலை போட வந்திருக்காங்கப்பா’ன்னான். போனைப் பாருடான்னேன். ‘அம்மா என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?’ன்னான். அத்தனை பேர் முன்னாடி.

எல்லாரும் தண்டபாணியைப் பாக்கறாங்க. அவரு கூட்டத்துலேருந்து முன்னாடி வந்து, ‘சார், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அக்கா நேராப் போகட்டும்’னாரு. என் பையனைச் சந்துல போகச் சொன்னீங்களேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அதுதான் எனக்குப் பொறுக்கலை. ‘உங்களுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா? சிதம்பரநாதன் அப்படிப்பட்டவன் இல்லை’ன்னேன். நான் எவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுக் குடுக்கறேன்னு எல்லாருக்கும் தெரியணுமில்ல?

வாசல் தாண்டின பிணத்தைத் திரும்ப உள்ள கொண்டு வரக் கூடாதும்பாங்க. வேற வழி இல்லை. எங்க வாசல்லேருந்து சந்துக்குப் போகணும்னா வீட்டுக்குள்ள புகுந்து சமையக்கட்டைத் தாண்டித்தான் போகணும். திருப்பினாங்க. கூடத்து வழியா வந்தாங்க. சமையக்கட்டுக் கதவுல பாடை நுழையலை. சாய்ச்சுப் பாத்தாங்க, அப்பவும் நுழையலை. கடைசியில அவளைப் பாடையிலேருந்து எடுத்து ஒரு ஜமக்காளத்துல போட்டு, நாலு மூலையைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. ஒரு மூலை தண்டபாணி. அவ அடுப்பைத் தாண்டி, அந்த ஜன்னலைத் தாண்டி, சந்துல போனா. மாலையெல்லாம் சாக்கடையில விழுந்துடுச்சு. மேளக்காரங்க சந்துக்குள்ள வர மாட்டேன்னுட்டாங்க. அவங்க பாட்டுக்குக் கோயில் தெருவுலயே அடிச்சுக்கிட்டு நேராப் போனாங்க. வாசல்ல நின்ன பொம்பளைங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை, மேளம் தாண்டினதும் தண்ணியை ஊத்திட்டு உள்ள போயிட்டாங்களாம். டாக்டரம்மா மாலையை வெச்சுக்கிட்டு அங்கேயே ரொம்ப நேரம் நின்னாங்களாம். நிக்கட்டும். படம் கிடைக்கலையில்ல?

காரியம் முடிஞ்ச மறு வாரம் தபால் வந்துச்சு. முறைப்படி எழுத்துல, வாபஸ்னு. ஜெயிச்சுட்டோம்.

இளங்கோவா? ஓசூர்லதான் இருக்கான். போன் பண்றதில்லை. கோவம்னு சொல்ல முடியாது, இந்தக் கம்பெனி வேலையெல்லாம் அப்படித்தான், நேரம் கிடைக்காது.

எதைக் கேக்கறீங்க, மண்டபமா? அது வேற ஆளு. டிரஸ்ட்டு வித்துட்டுப் போனதும் வாங்கினாரு. ஆமா, அவருக்கும் தனி ஆணைதான். இல்லை, திட்டக் குழுமத்துல கூட்டம் ஒண்ணும் போடலை. தம்பி, எல்லாத்தையும் எதிர்த்துட்டே இருக்க முடியுமா? கல்யாண மண்டபம் மங்களகரமான காரியம். அவரு கோயிலுக்குப் புதுசா இரும்புக் கதவு பண்ணிக் குடுத்திருக்காரு, வரும்போது பாத்திருப்பீங்க. என் பேரையும் அதுல போட்டிருக்காரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அந்தப் பின்சந்துல கொஞ்சம் அவரு ஜெனரேட்டருக்குப் போயிடுச்சு. இருக்கட்டும், வழி யாருக்கும் தேவையில்லையே.

இப்ப யாராவது செத்தாலா? கோயில் தெருவுலதான் போகுது. வேற எப்படிப் போறது? போன மாசம்கூட அந்தக் கடைசி வீட்டுக்காரரு, ஜாம் ஜாம்னு பூப்பல்லக்கு மாதிரி ஜோடிச்சு, தாரை தப்பட்டையோட போனாரு. கேஸ்தான் முடிஞ்சு போச்சே, அப்புறம் வழக்கம் எதுக்கு? எல்லாரும் வாசல்ல நின்னு பாத்தாங்க. தண்டபாணி மட்டும் மேளம் கேட்டா நீலக் கேட்டைச் சாத்திட்டு உள்ள போயிடுவாரு. மனுஷனுக்கு இன்னும் மனசு ஆறலை போல. எத்தனை நாளைக்குத்தான் அதையே நினைச்சிட்டிருப்பாரு?

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். புகை, நாத்தம், குழந்தைகளுக்கு இருமல், இதெல்லாம் நிஜம்தான், நான் இல்லைங்கலை. ஆனா இதை வெச்சுக்கிட்டு நிரூபிக்க முடியாது. அவங்க ஒரு மிஷினைக் கொண்டு வந்து புகையே இல்லைன்னு காட்டிடுவாங்க. உங்க தெருவுல கோயில் இருக்கா? சின்னதா இருந்தாலும் போதும். அப்ப ஒரு வழக்கம் வேணும். இருந்தா நல்லது, இல்லைன்னா உண்டாக்கிக்கலாம். சாவு சம்பந்தப்பட்டதா இருந்தா ரொம்ப நல்லது, அதிகாரிங்க அதுல கை வைக்க யோசிப்பாங்க. ஆனா ஒரே ஒரு கண்டிப்பு. சொல்லிட்டா அதுப்படி நடந்து காட்டணும். மொத வீடு யார் வீடுங்கறதுதான் முக்கியம். தண்டபாணி மாதிரி சங்கத்துல பொறுப்புல இல்லாத ஆளா இருந்தா பின்னாடி பேச்சு வரும். செயலாளர் வீட்டுலேருந்தே ஆரம்பிச்சுட்டா அப்புறம் ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். அதை நான் அனுபவத்துல கத்துக்கிட்டேன்.

உங்க சங்கத்துக்கு நீங்கதானே செயலாளர்? வீட்டுல பெரியவங்க யாராவது இருக்காங்களா? அம்மாவா. உடம்பு எப்படி இருக்கு? படுக்கையிலயா? எத்தனை நாளா?

அப்ப நல்லதாப் போச்சு தம்பி. ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க, டீ வந்துடுச்சு பாருங்க.